மாணவர் ஆய்வுக்குப் பரிசளிப்போர் பார்வைக்கு: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் கருத்தரங்குகளில் சிறந்த மாணவர் கட்டுரையைத் தெரிவுசெய்து பரிசளிக்கும் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் வசித்து வருகிறேன். சினிமா, பேனர், கானா, மீம், தொலைக்காட்சித் தொடர், திருவிழாக் கச்சேரி என வெகுசனப் பண்பாட்டை ஆராய்ந்து முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் எழுதும் கட்டுரைகளை நீங்கள் எடைபோடும் முறை குறித்தே இம்மடலை எழுதுகிறேன். அத்தகைய கட்டுரைகளில் மாணவர் தாமே அலைந்து திரட்டிய சான்றுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதும், தமிழில் எழுதப்பட்டது என்பதற்காக எந்தக் கட்டுரையும் பின்னுக்குத் தள்ளப்படக் கூடாது என்பதும் என் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரிக்காக வைக்கப்படும் ஃபிளெக்ஸ் பேனர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாமிகள் கடலுக்கு வரும் அந்த ஒரு நாளில், கடற்கரைச் சாலையில் நின்ற ஒவ்வொரு பேனரையும் படம் பிடித்து, வைத்தவர் யார், யாருடைய முகம் எவ்வளவு பெரிது, சாமி படம் எந்த மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது, அடியில் எத்தனை பாஸ்போர்ட் அளவு முகங்கள் என்று கோடு போட்ட நோட்டில் பத்தி பிரித்துக் குறித்து வைத்தார். ஒரு மாதம் கழித்து அதே பேனர்களைத் தேடி மறுபடியும் போனார். ஒன்று ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது; இன்னொன்று படகு எஞ்சினைப் போர்த்தியிருந்தது. மற்றொன்றை அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி மணலில் விரித்து, அதன்மேல் ஒரு அம்மாள் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். ஏன் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “சாயம் ஒட்டிக்கும்மா, அதோட மூஞ்சி மேல மீனைக் கொட்டுனா நல்லாவா இருக்கும்?” என்றாராம். ஒரு பிம்பத்துக்கு நம் மக்கள் தரும் மரியாதை எதுவரை செல்லும், எந்த இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக் தாளாகிவிடும் என்பதை அந்த ஒரு பதில் சொல்லிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய கட்டுரைகளில் அதற்கு இணையான சான்றைக் கண்ட நினைவில்லை.

கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. திரும்பி வந்த பிரதியின் ஓரத்தில், “கோட்பாட்டுப் பின்புலம் இல்லை. இது ஆய்வுப் பொருளாகுமா?” என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆய்வுப் பொருளாகுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்காவில் பேராசிரியர் ரே பிரவுன் 1967-இலேயே வெகுசனப் பண்பாட்டு ஆய்வுக்கென ஒரு இதழைத் தொடங்கினார். ஒகையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் அவருடைய முயற்சியால் இதற்கெனத் தனித் துறையே உருவானது. அவர் முன்னின்று அமைத்த சங்கம், பட்ட மேற்படிப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்கு இன்றும் பரிசளித்து வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ் சினிமாவின் சமூக வரலாற்றைத் தியடோர் பாஸ்கரனும், எம்.ஜி.ஆர். என்னும் பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியனும், சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களை ஆ.இரா. வேங்கடாசலபதியும் ஆராய்ந்த பிறகும் நாம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆராய்பவர் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், அறிஞர்கள் திரும்பிப் பாராத நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதால்தான் 1994-இல் சென்னையில் ஒரு நூலகம் எழுந்தது. அந்த நோட்டீசாவது காகிதம். பெட்டிக்குள் வைத்தால் நாற்பது ஆண்டு இருக்கும். ஃபிளெக்ஸோ சில மாத வெயிலில் வெளுத்துவிடும். விழா முடிந்த மறுநாளே அவிழ்த்துக்கொண்டும் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் அந்தத் தெருவில் நின்ற மாணவர் பதிவு செய்யாததை, பின்னால் வரும் எந்தப் பேராசிரியராலும் மீட்க முடியாது. கோட்பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்பாட்டு நூல்களை அடுத்த ஆண்டும் நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் வாதம்.

மாணவருக்கு இருந்த பயிற்சிக் களமும் சுருங்கிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளோடு, முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். நின்றுபோனது. ஓராண்டு ஒரு சிறு பொருளோடு மல்லுக்கட்டிப் பழக அங்கே கிடைத்த வாய்ப்பு இப்போது இல்லை. மிச்சமிருப்பது கருத்தரங்குக் கட்டுரைதான். அதற்கும் பல இடங்களில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும்; கட்டியவர் கட்டுரை எல்லாம் நூல்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பில் ஏறிவிடும், யாரும் படிப்பதில்லை. உங்கள் பரிசுக்கு வரும் கட்டுரையையாவது படிக்கிறீர்கள். ஆகவே அந்தப் பரிசுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். பரிசு பெறாதவருக்கும் காரணத்தை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள்.

பின்னிணைப்பையும் கட்டுரையின் பகுதியாகக் கொண்டு மதிப்பிட வேண்டும். படங்கள், நேர்காணல் குறிப்புகள், கள நோட்டு ஆகியவற்றின் பிரதியை உங்கள் நூலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடிகளைக் காத்து, 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெறச் செய்த ஊர் புதுச்சேரி. அங்கே இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணீர் அஞ்சலிப் பேனரிலும் காதணி விழாப் பேனரிலும் இருப்பவை தனிமனிதர்களின் முகங்கள் என்பதால், பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்தார்களா என்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். என் மாணவிக்கு அதை நான் சொல்லித்தரத் தவறினேன். பின்னர்தான் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் எண்களை அழித்தோம்.

மொழி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மீன் உலர்த்திய அம்மாளின் பதிலை ஆங்கிலத்தில் பெயர்த்தால் பொருள் வரும், “மூஞ்சி” வராது.

அந்த நோட்டும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அவருடைய ஒப்புதலையும் கேட்டு வாங்கிவிட்டேன். உங்களில் எந்தக் குழு கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.