வெட்டும் முன் காது கொடுங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் கண்காணிப்புக் கேமரா மாட்ட மூன்று பையன்கள் வந்தார்கள். சுறுசுறுப்பான பிள்ளைகள்தான். மாடிப்படி ஓரக் குழாயில் பழைய கேபிள்கள் அடைந்து கிடந்தன. மேலே ஒருவன் இழுத்தான், கீழே ஒருவன் எது ஆடுகிறது என்று பார்த்தான். அப்புறம், “இது செத்த ஒயர்” என்று சொல்லி ஒன்றை வெட்டிவிட்டார்கள். அது 20 ஜோடி (ஜோடிக்கு இரண்டு கம்பி) இன்டர்காம் கேபிள். காவலாளி எந்த வீட்டுக்கு அடித்தாலும் மணி போகவில்லை.

நான் 1987 முதல் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டர், அதாவது கேபிள் கம்பிகளை இணைப்பவன். 2000-இல் துறை பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அதே குழி, கையில் கேபிளுக்குள் அடைத்த அதே ஜெல்லிப் பிசுக்கு. 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு. பரணில் கிடந்த டோன் டெஸ்டரை (ஒரு முனையில் கம்பியில் சத்தம் அனுப்பி, மறுமுனையில் புரோப் என்ற குச்சியால் கேட்டு ஜோடியைக் கண்டுபிடிக்கும் கருவி) எடுத்து, பேட்டரி மாற்றிக்கொண்டு போனேன்.

நிறம் பார்த்துச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள். ஒவ்வொன்றோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட்: 20 ஜோடிக்குக் கணக்கு சரி. ஆனால் இவர்கள் வெட்டியது ஒரு பழைய ஜாயின்ட்டை. அதைப் போட்ட புண்ணியவான் நிறமே பார்க்கவில்லை. கீழே வெள்ளை-நீலம் என்றால் மேலே சிவப்பு-பச்சை!

வெட்டிய பையனையே வீடு வீடாக அனுப்பி, இன்டர்காம் பெட்டியில் டோன் கொடுக்கச் சொன்னேன். அறுந்த முனையில் புரோப்பை வைத்தால் ‘ஊய்ங் ஊய்ங்’ என்று ஐந்தாறு ஜோடியில் கேட்கிறது. பக்கத்து ஜோடிக்கும் சத்தம் கசியும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஓங்கிக் கேட்கும் ஜோடியின் இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று தொடவைக்க வேண்டும். சரியான ஜோடி என்றால் சத்தம் பொசுக்கென்று அடங்கிவிடும். அடங்கவில்லையா, அது வெறும் கசிவு, அடுத்ததைப் பார்க்கலாம். மூன்றாவது வீடு முடிவதற்குள் பையன் இதைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா, நான் கீழே நின்று கேட்கட்டுமா?” என்றான். சரி என்று நான் படியேறினேன், முழங்கால் வலியோடு.

சத்தம் மெலிந்து கேட்டால் டோன் அனுப்பும் கருவியின் ஒரு கிளிப்பைக் கம்பியிலும் மற்றதை எர்த்திலும் மாட்டலாம், உரக்கக் கேட்கும். ஆனால் அது கேபிள் போகும் தடத்தைப் பிடிக்க மட்டும். ஜோடியை உறுதி செய்ய மறுபடி இரண்டு கம்பியிலும் மாட்டியாக வேண்டும். 230 வோல்ட் ஓடும் கம்பியில் இதை மாட்டவே கூடாது.

ஆட்களுக்கு டிரில்லிங் மெஷின் வாங்கித் தரும் முதலாளிகள் அதைவிட மலிவான இந்தக் கருவியையும் வாங்கித் தரட்டும். வீடு கட்டித் தருபவர்களிடம் சாவியோடு எந்த ஜோடி எந்த வீட்டுக்கு என்ற அட்டவணையையும் கேட்டு வாங்கிவிட்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள். எங்களுக்கு யாரும் தரவில்லை. அன்று நானே எழுதிப் பெட்டிக்கதவின் உட்புறம் ஒட்டினேன். பென்சிலில்தான், பேனா மை ஈரத்தில் ஊறிப் போகும்.

– ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர், மதுரை