தலையில் பட்ட அடி

அன்புள்ள நண்பனுக்கு,

கால்பந்து ஆட்டத்தில் உன் மகனுக்குத் தலையில் அடிபட்டதையும், சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதால் அடுத்த வாரமே ஆடப்போகிறான் என்பதையும் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. தயவுசெய்து அவனை நிறுத்து.

நான் படியில் வழுக்கி விழுந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் மூன்று வாரம் கழித்தும் செய்தித்தாளில் ஒரே வரியை நான்கு முறை படித்துக்கொண்டிருந்தேன். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். ஸ்கேன்தான் சரியாக இருக்கிறதே என்று வீட்டில் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் பிறகுதான் கிடைத்தது. மண்டையோட்டில் விரிசல் உண்டா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று அவசரத்துக்குப் பார்ப்பதே சிடி. லேசான அடியில் இழுபடுவது நரம்பிழைகள். நிலைகுலைவது உயிரணுக்களின் ரசாயனம். பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சீராக்கவே மூளை தன் சக்தியைச் செலவழிக்கிறது. சிடி படத்தில் இது எதுவும் தெரியாது. தலையில் லேசாக அடிபட்டு, சிடி சரியாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயில் ஏதோ ஒன்று தெரிந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

குணமாவதைப் பின்தொடரும் ஆய்வு ஒன்றுக்கு நானும் போனேன். தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டை அடைத்து, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். காதடைப்பையும் மீறி அந்த எம்ஆர்ஐ இயந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது. மூளையிலுள்ள நீர் நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்கே தயங்கியும் நகருமாம்; அந்த நகர்வை அளந்து இழைகளின் நிலையை ஊகிக்கிறார்கள். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் இழைக்கற்றையைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள்.

"என் மூளை ஆறிவிட்டதா?" என்று கேட்டேன். அடிபட்ட பலரையும் அடிபடாத பலரையும் ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும், தனி ஒருவரின் படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நேர்மையை மதிக்கிறேன்.

உன் மகனுக்காக நான் சொல்ல நினைப்பது வேறொன்று. இத்தாலியில் தலையில் அடிபட்ட விளையாட்டு வீரர்களின் மூளை ரசாயனத்தை எம்ஆர்ஐ முறையிலேயே அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு அறிகுறிகள் முன்பே போய்விட்டன. ஆனால் நரம்பணுக்களின் நலத்தைக் காட்டும் என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் என்ற ரசாயனம் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய 30 நாள் பிடித்தது. அதற்குள் இரண்டாவது அடி வாங்கியவர்களுக்கு 45 நாள். சிறிய ஆய்வுதான். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்லும் நாளும் மூளை தேறும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அதில் புரிந்தது.

அதற்காக இருட்டறையில் படுக்கவைக்காதே. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெதுவான நடை, கொஞ்சம் படிப்பு என்று கூட்டிக்கொண்டே போகலாம். பந்து மட்டும் மருத்துவர் சொன்ன பிறகு.

வெளிச்சம் அவனுக்குக் கூசுகிறதா, இரவில் தூங்குகிறானா? உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்