சுழியம் வாங்கிய சரியான விடை

ஆசிரியருக்கு,

கடலூரில் அண்மையில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த ஒரு வினாடி வினாப் போட்டியில் ‘மிகப்பெரிய பகா எண் எது?’ என்று கேட்டிருக்கிறார்கள். (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண்தான் பகா எண்.) மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி, ‘அப்படி ஓர் எண் கிடையாது’ என்று எழுதினாள். சுழியம் போட்டுவிட்டார்கள். அவள் எழுதியதே சரி. அந்த மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். 2, 3, 5, 7, 11, 13 இவ்வளவுதான் பகா எண்கள் என்று ஒருவர் சாதிக்கட்டும். இவற்றைப் பெருக்கி 1 கூட்டினால் 30,031. அந்த ஆறில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆக, பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் இதை வகுத்தே தீரும். 30,031 என்பது 59 × 509. (30,031-ஏ பகா எண் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது தவறு.) எவ்வளவு நீளப் பட்டியலுக்கும் இதே கதிதான்.

விடைக்குறிப்பில் இருந்தது, 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண். லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 4,10,24,320 இலக்கங்கள். இதற்கு முன் முதலிடத்தில் இருந்த, 2018-இல் கண்டறியப்பட்ட எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள். ‘இதுவரை அறியப்பட்டவற்றுள்’ என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த எண் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரும முறையில் எழுதினால் சுழியமே இல்லாமல் பதின்மூன்று கோடிக்கு மேல் 1 மட்டுமே வரிசைகட்டி நிற்கும். 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் இவ்வகை எண்ணுக்கு மெர்சென் எண் என்று பெயர். அது பகா எண்ணாக வேண்டுமென்றால் அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2,047 = 23 × 89. பிறகு எப்படித்தான் உறுதி செய்கிறார்கள்? லூக்காஸ்-லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி 0 ஆனால் அது பகா எண். 2⁵ − 1 ஆகிய 31-க்குக் கரும்பலகையில் போட்டால் மூன்றே படிகள்: 4, 14, 8, 0. பிள்ளைகள் கைதட்டிவிடுவார்கள்.

போட்டிக்குக் கேள்வி வேண்டுமென்றால் அந்தப் பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தைக் கேளுங்கள். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அந்த அடுக்கு 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கம் 1. கணிப்பான் இல்லாமல் துண்டுத்தாளிலேயே போட்டுவிடலாம். அதே எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி என்ன என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.