பழைய கணினிக்குப் புதுக் கணினி மட்டுமா மருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சிறிய கணினி மையம் ஒன்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, "என் சிஸ்டம் இனி அவ்வளவுதானா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கணினி மெதுவாக ஓடுவது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக்கி, "பழசு சார், மாத்திடுங்க" என்று சில பழுது பார்க்கும் கடைகளில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏழைக் குடும்பங்களின் பணம் வீணாகிறதே என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் தன் அண்ணனின் பழைய லேப்டாப்போடு வந்தாள். 4 ஜிபி ராம் (நிரல்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), சுழலும் ஹார்ட் டிஸ்க். "அக்கா, ஒரு பிடிஎஃப் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. கடையில போர்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்றாள். போர்டு, அதாவது மதர்போர்டு, போயிருந்தால் லேப்டாப் அவ்வளவு தூரம் ஓடியே இருக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்த நிரல் கணினியை எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கணினியின் மூளையான சிபியு பத்து சதவீதத்துக்குள் இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், சிவப்பு பூசியது போல நின்றது. 'டிஸ்க்' என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் தின்னும் நிரல் மேலே வந்துவிடும். வந்தது, எப்போதோ காலாவதியான ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸ். சந்தா முடிந்த பிறகும் அது கோப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பிரிண்டரின் அப்டேட்டர். அந்த பிரிண்டர் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். அதன் மென்பொருள் மட்டும் கணினி எழும்போதெல்லாம் தானும் எழுந்து இல்லாத பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'எண்ட் டாஸ்க்' கொடுத்ததும் கணினி வேகமாகிவிடும், சந்தோஷமாக மூடிவைப்பார்கள். மறுநாள் பார்த்தால் பழைய கதைதான். அந்த நிரல் எங்கிருந்து எழுப்பப்படுகிறது என்று பார்த்து அங்கே அடைக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் இருந்தால் அங்கேயே டிசேபிள் செய்துவிடலாம். அங்கே இல்லையென்றால் சர்வீஸாக, அதாவது திரையில் தெரியாமல் பின்னணியில், ஓடலாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி services.msc என்பதை, அதாவது சர்வீசஸ் பட்டியலை, திறந்து அதன் 'ஸ்டார்ட்அப் டைப்' எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் 'டிசேபிள்டு' ஆக்கலாம். அதே பெட்டியில் 'ரெக்கவரி' என்று ஒரு பகுதி உண்டு. சர்வீஸ் திடீரென விழுந்தால் திரும்ப எழுப்பச் சொல்லும் கட்டளை அங்கே இருக்கலாம். சிலவற்றை எத்தனை முறை எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் உடனே எழுவதற்கு அதுவே காரணம். இரண்டு இடத்திலும் இல்லாமல் குறித்த நேரத்தில் எழுந்தால் நிரல்களை நேரம் குறித்து இயக்கும் 'டாஸ்க் ஷெட்யூலர்' பக்கம் போக வேண்டும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் ஆன்டிவைரஸை கண்ட்ரோல் பேனலில் நீக்கியும் அதன் ஒரு சர்வீஸ் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவியைப் போட்டுத்தான் முழுதாகக் கழற்ற முடிந்தது. பிறகு விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அவளுடைய பிடிஎஃப் இப்போது கிளிக் செய்ததும் திறக்கிறது.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வீஸையும் சொல்ல வேண்டும். அதன் பெயர் 'சிஸ்மெயின்'. விண்டோஸ் விஸ்டா காலத்தில் 'சூப்பர்ஃபெட்ச்' என்ற பெயரில் வந்தது. நாம் அடிக்கடி திறக்கும் நிரல்களைக் கவனித்து முன்கூட்டியே ராமில் ஏற்றி வைப்பதே அதன் வேலை. நல்ல நோக்கம்தான். ராம் தாராளமாக இருந்தால் பலனும் தரும். ராம் குறைவாகவும் ஹார்ட் டிஸ்க் சுழலும் வகையாகவும் இருந்தால் சில கணினிகளில் இந்த ஏற்றி இறக்கும் வேலையே டிஸ்கை நிரப்பிவிடும். அதை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடலாம். கையில் கொஞ்சம் பணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள் என்பதுதான். புதுக் கணினி விலையில் அது சிறு பங்கு.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கணினி ஓட்டுகிறவர்கள் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற அமைப்பையும் பார்க்க வேண்டும். நம் கணினி இறக்கிய அப்டேட்டுகளைப் பிற கணினிகளுக்கு அனுப்பவும் அது வழி செய்யும். 'மற்ற கணினிகளிலிருந்து பதிவிறக்க அனுமதி' என்பதை அணைத்தால் போதும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இப்படி ஏதாவது படித்துவிட்டுக் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்திய ஒருவரின் கணினியை நான் சரிசெய்திருக்கிறேன். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் பல வரிசைகள் இருக்கும். அது வைரஸ் அல்ல, பல சர்வீஸ்களைச் சுமக்கும் பொது நிரல். எல்எஸ்ஏஎஸ்எஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ் ஆகியவை விண்டோஸ் ஓடுவதற்கே தேவையான நிரல்கள், அவற்றைத் தொடவே கூடாது. டிஃபெண்டரின் நிரல் அவ்வப்போது டிஸ்கைப் பிடிக்கும், அதற்காக அதை அணைத்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் பெயரின் மேல் வலது கிளிக் செய்து அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்க வேண்டிய பெயர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். 'கணினியை வேகமாக்கும்' என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர், கிளீனர் மென்பொருள்களைத் தயவுசெய்து இறக்காதீர்கள். அவற்றில் பலவும் பின்னணியில் ஓடும் இன்னொரு நிரலாகக் குடியேறிவிடும்.

ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துப் பெறப் பதிவு செய்துகொள்ளும் வசதி உண்டு. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸுக்கு மாறலாம், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆனால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் பின்னணியில் ஓடுவதைப் பார்க்கத் தெரியாதவர் மறுபடியும் அதே கடைக்குத்தான் போய் நிற்பார்.

பழுது பார்க்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஃபார்மட் அடிப்பதற்கு முன், புதிது வாங்கச் சொல்வதற்கு முன், வாடிக்கையாளர் கண் முன்னே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுங்கள். அதற்கு நியாயமான கூலி வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள், நிறுவும்போதே 'கணினி தொடங்கும்போது இதுவும் தொடங்கட்டுமா?' என்று கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைக்கக் கூடாது.

நம் மேல்நிலை வகுப்புக் கணினிப் புத்தகங்களில் இயக்க அமைப்பு, அதாவது இயங்குதளம், ஒரு பாடமாகவே இருக்கிறது. மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். செய்முறை வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து தேவையில்லாத ஒரு நிரலைக் கண்டுபிடித்து நிறுத்தவும், பிறகு அதைத் திரும்ப இயக்கவும் ஒவ்வொரு மாணவரையும் செய்யச் சொன்னால், வீட்டில் இருக்கும் பழைய கணினியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக் கல்வித் துறை இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
பட்டுக்கோட்டை