சூடான குடுவையைச் சுமந்து வந்த ஆய்வக அண்ணனுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இப்பருவத்தில் மைதானத்தில் என் முழங்காலில் அடிபட்டதையும், அணிகளோடு வெளியூர் சென்றதில் வருகைப் பதிவு குறைந்ததையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால், அதை மறுபடியும் விரிவாக எழுதவில்லை. நேற்று மாலை இளநிலை வேதியியல் முடிவுகள் வெளியாகி, தரவரிசையில் என் பெயர் இருப்பதை அப்பா நான்கு முறை சரிபார்த்த பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் கலந்துகொள்ளும் ஹெப்டத்லான் என்ற தடகளப் பிரிவில் இரண்டு நாட்களில் ஏழு போட்டிகள் உண்டு. தடையோட்டத்தில் தொடங்கி 800 மீட்டர் ஓட்டத்தில் முடியும் அவற்றுள் ஒன்றைத் தொடங்காமல் விட்டாலும், மற்றவற்றில் எடுத்த புள்ளிகளால் பயனில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய வீராங்கனை ஸ்வப்னா பர்மன் பல்வலிக்காகத் தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டே 6026 புள்ளிகளுடன் தங்கம் வென்றதைப் பள்ளி நாட்களில் பார்த்தே நான் இதற்கு வந்தேன். செய்முறை வகுப்பும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்பது, கோ-கோ அணியோடும் தடகள அணியோடும் வெளியூர் சென்ற வாரங்களில் விடுபட்ட சோதனைகள் என் ரெக்கார்டு நோட்டில் வெற்றுப் பக்கங்களாக நின்றபோதுதான் புரிந்தது.

துறைத்தலைவர் மாலையில் அவற்றைச் செய்துகொள்ள அனுமதித்தார். ஆனால் ஆக்சாலிக் அமிலக் கரைசலை அறுபது, எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, ஆறுவதற்குள், பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் என்ற அளவுக் குழாயின் அடியில் கொண்டுவர வேண்டும். ஊன்றுகோலோடு நிற்பவள் சூடான கூம்புக்குடுவையை எந்தக் கையால் தூக்குவது? நான் கேட்காமலேயே ஆய்வக அண்ணன் உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு ஒவ்வொரு குடுவையையும் துணியால் பிடித்து அடுப்பிலிருந்து என் மேசைக்குச் சுமந்து வந்தார். ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்தைப் பிடித்து உசிலம்பட்டிக்குப் போக வேண்டியவர், அந்த இரண்டு வாரமும் ஏழு மணிக்கு முன் கிளம்பியதில்லை. கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறியதும் நிறுத்தத் தெரியாமல் நான் பெர்மாங்கனேட்டைக் கூடுதலாக விட்டுக் கெடுத்த வேளைகளில் ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த குடுவையை அடுப்பில் ஏற்றினார். அளவீட்டை மட்டும் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. அந்த நேர்மைக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். நான் என்ன விளையாடுகிறேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது என்றே நினைக்கிறேன், “கால் தேவலையாம்மா?” என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து என்னைத் தூக்கிச் சென்ற கோ-கோ தோழிகள், பி.டி. சார், இயன்முறை மருத்துவர், குறிப்பேடுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தந்த வகுப்புத் தோழர்கள், விடுதி மெஸ் அக்கா ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மதிப்பெண் பட்டியல் வாங்க வரும் நாளில் ஊன்றுகோல் இல்லாமல் மாடியேறி வருவேன். அன்று மாலை ஆய்வகத்தின் பியூரெட்டுகள் அனைத்தையும் நானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். அண்ணன் ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்கட்டும்.

நன்றியுடன்,
மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி