கிளிநொச்சி நகர வீதிகளைப் பார்க்க ஒரு மேசை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் ஒரு விபத்து நடந்தால் அடுத்த நாள் எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம். சாரதியைத் திட்டுகிறோம். பொலிஸார் இரண்டு நாள் சந்தியில் நிற்கிறார்கள். பிறகு பழையபடிதான். வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். போன கிழமை கண்ட ஒரு சம்பவம்தான் பேனையை எடுக்க வைத்தது.

கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் ஒரு மஞ்சள் கடவை, அதாவது பாதசாரிகள் கடக்கிற இடம். கோடுகள் தேய்ந்து, கிட்டப் போனால்தான் தெரியும். கடவைக்குச் சற்று முன்னால் பஸ் தரிப்பிடம். ஒரு கையில் மருந்துப் பையும் மற்றக் கையில் கிளினிக் கொப்பியுமாக ஒரு அம்மம்மா நின்றா. ஆள் ஏற்ற ஒரு பஸ் வந்து நின்றது. தனக்காகத்தான் நின்றது என்று நினைத்து அவ பஸ்ஸுக்கு முன்னால் இறங்கினா. பஸ்ஸை விலத்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பெடியன் பிரேக்கை அழுத்திய அழுத்தில் வண்டி இழுபட்டு அவவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவவின் செருப்பு ஒன்று நடு வீதியில் கழன்று கிடந்தது. “தம்பி, கொஞ்சம் பார்த்து வாவன்” என்று மட்டும் சொன்னா. பெடியனுக்குப் பேச்சு வரவில்லை. இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

அவனில் பிழையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸின் மறைவிலிருந்து வெளியே வருகிற ஒருவரை அவன் எப்படிக் காண்பான்? தரிப்பிடத்தைக் கடவைக்கு முன்னால் வைத்தால் இப்படித்தான் நடக்கும். கடவையைத் தாண்டி வைத்தால், இறங்குகிற சனம் பஸ்ஸுக்குப் பின்னால் கடக்கும். பின்னால் வருகிற வாகனத்துக்கு ஆட்கள் தெளிவாகத் தெரிவார்கள். செலவு என்று பார்த்தால் ஒரு பலகையை நட்டு ஒரு கூரையை மாற்றுகிற வேலைதான்.

ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன். பாதசாரி விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று வைத்துத்தான் பொறியியலாளர்கள் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். முழங்கால் வருத்தக்காரருக்கு 1 மீற்றர்தான் வரும். வீதியின் அகலம் 14 மீற்றர் என்றால் கடக்க 14 விநாடி. மணிக்கு 70 கிலோமீற்றரில் வருகிற வாகனம் அந்த நேரத்துக்குள் கிட்டத்தட்ட 270 மீற்றர் ஓடிவிடும். அவ்வளவு தூரத்தில் வருகிற வாகனத்தை யார்தான் ஆபத்து என்று நினைப்பார்கள்? நடுவில் ஏறி நிற்க ஒரு தீவு இருந்தால் 7 விநாடிதான், அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். நகருக்குள் 50தான் எல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏ-9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேர் வீதியில் வந்து பழகிய கால், ஒரு பலகையைக் கண்டதும் இறங்காது. வீதியே ஒடுங்கி, மரமும் தீவும் வெளிச்சமுமாக ‘ஊர் வந்துவிட்டது’ என்று சாரதிக்குக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் புதிய விடயமில்லை. யார் செய்வது என்பதுதான் கேள்வி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. ஒழுங்குபடுத்துவது பொலிஸார். பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஒரு பக்கம், தனியார் பஸ் அனுமதி இன்னொரு பக்கம். அம்மம்மா நின்ற இடத்தில் இவ்வளவு பேரும் வந்து சேர்கிறார்கள். நான் அடுத்த நாள் ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். கோடு எங்கள் வேலை, தரிப்பிடம் மற்றவர்களுடையது என்றார்கள். மற்ற இடத்தில் கடிதம் தரச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுச் சந்தியையும் தன் பொறுப்பு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அந்த ஒருவர் இருக்க வேண்டிய இடம் எங்கள் பிரதேச சபைதான். 1984இல் தனி மாவட்டமான பிறகும் கிளிநொச்சிக்கு நகர சபை இல்லை. அது வேறு கதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பொதுப் பாதைகளைச் சபையின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஏ-9 சபையின் வீதி இல்லைதான். ஆனால் அதில் நெரிசலை உண்டாக்குகிற பாதிக் காரியங்கள் சபையின் கையில்தான் இருக்கின்றன: சந்தை வாசல், ஓட்டோத் தரிப்பிடம், வாகனம் நிறுத்த இடமில்லாத கடைக்குக் கொடுக்கிற கட்டட அனுமதி, எரியாத வீதி விளக்கு, இரவில் வீதியில் படுக்கிற கட்டாக்காலி மாடு.

சபையில் ஒரு மேசை போடுங்கள். வீதிப் போக்குவரத்துக்கென்றே ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், அவருக்கு ஒரு வரைபடம், ஒரு பதிவுப் புத்தகம். விபத்து நடந்த இடம் மட்டுமல்ல, மயிரிழையில் தப்பிய இடமும் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். எந்தக் கோடு எப்போது பூசியது, கண்ணாடி மணி தூவிய பூச்சா வெறும் பெயின்ரா, அடுத்து எப்போது என்பதும் அதில் இருக்க வேண்டும். மணி தூவாத கோடு இரவில் முன்விளக்கு வெளிச்சத்துக்குச் சரியாகத் தெரியாது. மாதம் ஒரு தடவை மற்ற அலுவலகங்களை அதே சந்திக்குக் கூப்பிட்டு, நின்ற நிலையில் பேசி முடிவெடுக்கலாம்.

முதல் வேலை வாகனக் கணக்கெடுப்பு. அதை இங்கத்தைய நிலைமைக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் காலை 7.30க்கும் விடும் பகல் 1.30க்கும் ஒரே சந்தி இரண்டு சந்தி மாதிரி. மாரிகால நெல்லான காலபோகத்தின் அறுவடை தொடங்கினால் அதுவும் மாறிவிடும். சுனாமி மெசின் என்கிற பெரிய அறுவடை இயந்திரம், நெல் ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் எல்லாம் வாய்க்கால் வீதிகளிலிருந்து ஏ-9க்கு ஏறும். வீதி ஓரத்தில் நெல் காயும், ஓடுகிற பாதை பாதியாகும். காயவிடுகிறவனைக் கலைப்பது தீர்வில்லை. அவனுக்குத் தளம் கட்டிக் கொடுக்காமல் வீதியை மட்டும் கேட்பது நியாயமும் இல்லை. ஏ-9க்குச் சமாந்தரமாகவே ரயில் பாதையும் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் தூரம் குறைந்த இடத்தில், வீதிக்கு ஏறக் காத்திருக்கிற உழவு இயந்திரத்தின் பெட்டி தண்டவாளத்திலேயே நிற்கக்கூடும். ஆவணி விடுமுறையில் எடுத்த கணக்கில் இது ஒன்றும் வராது. தை, மாசியில் எடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு தாள், வாகன வகைக்கு ஒரு நிரல், சந்திக்கு நாலு பேர், காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. உயர்தர மாணவர்களுக்கு அரை நாளில் பழக்கிவிடலாம். பழக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். வருகிற தை மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துச் சபை சொன்னால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.