செல்லம் கொடுத்துக் கெடுக்கிறவர்கள் நாங்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை வளர்ப்புக் கட்டுரையில், தாத்தா பாட்டியிடம் விட்ட பிள்ளைகள் செல்லத்தில் கெடுகின்றன, பேச்சும் தாமதமாகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி. படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பேரப்பிள்ளை எங்கள் இடுப்பில் இருக்கும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்களே, தங்களுக்குத் தெரியாததா? என் மகளின் அலுவலகத்தில் 'இதோ வருகிறது' என்றே ஓட்டிவிட்டார்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் மூச்சு இல்லை. கிழவி கொடுக்கும் செல்லம் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

பேச்சு தாமதமாம்! வீட்டு முற்றத்து வளவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் நான் வாய் ஓயாமல் பேசுவேன். கேட்க என் பேத்தி ஒருத்திதான் இருக்கிறாள், பதிலுக்குப் பதிலும் பேசுகிறாள். அப்புறம் பல்லாங்குழி. குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று போடுவதற்கு முன்பே அந்தக் குழியில் விரலை வைத்துவிடுகிறாள். நாலு வயதுதான் ஆகிறது. தோற்கிற மாதிரி இருந்தால் ஐயாவின், அதாவது தாத்தாவின், கொட்டையை அள்ளிக்கொள்கிறாள், அது வேறு விஷயம்.

ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே ஆகாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எங்கள் வீட்டில் சோறு ஊட்டப் போனை நீட்டுவது யார் தெரியுமா? இரண்டு நாள் லீவில் சென்னையிலிருந்து வருகிறவர்கள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் 'பேரன்ட்ஸ் மட்டும்' என்று எங்களை வாசலில் நிறுத்துகிறார்கள். டாக்டரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, 'அம்மா எங்கே?' என்கிறார். டவுன் பஸ் படி உயரத்தைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. சரி, கிடக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே கட்டுரைக்குக் கீழே தடுப்பூசி அட்டவணையை மஞ்சளில் வெள்ளை எழுத்தாகப் பொடிப்பொடியாகப் போட்டிருந்தீர்கள். அதைக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், வெட்டி ஒட்டுகிற மாதிரி மறுபடி போடுங்கள். ஊசிக்குக் கூட்டிப்போவதும் நாங்கள்தான்.

இப்படிக்கு,
மகள் வயிற்றுப் பேத்தியை வளர்க்கும் ஓர் ஆயா,
பள்ளத்தூர்.